இரவல் நாக்கு

மூன்று தட்டுகள் திரும்பி வந்தன. மூன்றிலும் இறைச்சியைச் சாப்பிட்டிருந்தார்கள். சாஸ் மட்டும் ஓரமாக ஒதுங்கிக் கிடந்தது. இருபத்திரண்டு வருடங்களாகத் தொழில்முறைச் சமையலறையில் நிற்கிறேன். தட்டு திரும்பி வரும் கோலத்தைப் பார்த்தே சாப்பாட்டு மேசையில் என்ன நடந்தது என்று ஓரளவு சொல்லிவிட முடியும். எல்லாவற்றிலும் கொஞ்சம் கொஞ்சம் மிச்சமிருந்தால் பரிமாறிய அளவு அதிகம். எதையும் தொடாமல் வந்தால் சாப்பிட உட்கார்ந்தவருக்கு மனம் சரியில்லை. ஒன்றை மட்டும் பார்த்துப் பார்த்து ஒதுக்கியிருந்தால் அந்த ஒன்றில் ஏதோ கோளாறு. அன்று கோளாறு சாஸில். அதைச் செய்தது நான். ஆனால் அதன் ருசி எனக்குத் தெரியாது. ஒரு துளிகூட நாக்கில் படாமல்தான் அதைச் செய்து இறக்கியிருந்தேன்.

இது நடந்து ஒரு வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. சாஸ் கெட்டுப்போவது சமையலறையில் பெரிய சேதியில்லை. அதற்கு முன்னும் பின்னும் எத்தனையோ கெட்டிருக்கிறது. இது மட்டும் தொண்டையில் முள்ளாக நிற்பதற்குக் காரணம், அது கிளப்பிவிட்ட கேள்வி. செய்தவளே வாயில் வைக்க முடியாத ஒன்றை அடுத்தவருக்குப் பரிமாறலாமா? என் தொழிலில் இருக்கும் சிலர் கூடவே கூடாது என்கிறார்கள். சட்டைப் பையில் பேனா இருக்கிறதோ இல்லையோ, ருசிபார்க்கும் சின்னக் கரண்டி இருந்தாக வேண்டும் என்று கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். இப்போது அப்படி நினைக்கவில்லை. அது ஏன் என்பதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

தெரிந்தே தின்ற மூன்று வாரம்

எனக்குச் சீலியாக் நோய். உடம்பு இரண்டு வருடமாகவே சொல்லிக்கொண்டுதான் இருந்தது. ஓயாத சோர்வு, ஆறாத வாய்ப்புண், எத்தனை மாத்திரை விழுங்கியும் ஏறாத இரும்புச்சத்து. நாளெல்லாம் அனலில் நிற்பவளுக்கு அலுப்பு வராமல் என்ன செய்யும் என்று நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். வயிற்றைக் கலக்கினால்தான் சீலியாக் என்று பலரும் நினைக்கிறார்கள். எனக்கு வயிறு பெரிதாகத் தொல்லை கொடுக்கவேயில்லை. கோதுமையிலும் பார்லியிலும் ரை என்ற தானியத்திலும் இருக்கும் கிளூட்டன் என்ற புரதத்தைக் கண்டால் உடம்பின் எதிர்ப்புச் சக்தி தன் குடலையே தாக்குகிறது. சிறுகுடலின் உட்சுவரில் விரல் விரலாக நீட்டிக்கொண்டிருக்கும் குடலுறிஞ்சிகள் மழுங்கிப் போகின்றன. உறிஞ்ச ஆளில்லாவிட்டால் மாத்திரையில் இருக்கும் இரும்பு எங்கே போய்ச் சேரும்?

ரத்தப் பரிசோதனையில் எதிர்பொருள் அளவு கூடியிருப்பது தெரிந்ததும், எண்டோஸ்கோப்பி வழியாகக் குடல் திசுவை எடுத்துப் பார்க்க நாள் குறித்தார்கள். இடையில் மூன்று வாரம் இருந்தது. இன்றைக்கே கோதுமையை நிறுத்திவிடுகிறேன் என்றேன். மருத்துவர் கண்டிப்பாகக் கூடாது என்றார். நிறுத்தினால் குடல் ஆறத் தொடங்கிவிடும், ரத்தத்தில் எதிர்பொருளும் இறங்கிவிடும், சோதனையில் எதுவும் பிடிபடாமல் போகலாம். இதைப் படிப்பவர்களில் யாருக்காவது சந்தேகம் இருந்தால் தயவுசெய்து இந்த ஒன்றை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்: முதலில் பரிசோதனை, அப்புறம்தான் பத்தியம். தாமாகவே கோதுமையை விட்டுவிட்டு ஆறு மாதம் கழித்து மருத்துவரிடம் போய், உண்டா இல்லையா என்று தெரியாமல் அல்லாடுபவர்களைப் பார்த்திருக்கிறேன்.

ஆக, கெடுதல் என்று தெரிந்தே மூன்று வாரம் ரொட்டி தின்றேன். என் வாழ்க்கையிலேயே அவ்வளவு கவனமாகச் சாப்பிட்டது அந்த மூன்று வாரம்தான். காலை ஐந்தரை மணிக்கு முதல் ஈடு அடுப்பிலிருந்து வெளியே வரும். கம்பித் தட்டில் வைத்த சில நொடிகளில் மேலோடு சுருங்கி நுண்ணிய விரிசல்கள் ஓடும். காதை அருகே கொண்டுபோனால், காய்ந்த சருகின் மேல் யாரோ மெல்ல நடப்பதுபோல் ஓர் ஓசை கேட்கும். எத்தனையோ வருடமாகக் கேட்ட ஓசை. அந்த மூன்று வாரமும் தினமும் குனிந்து கேட்டேன். பிறகு முனைத் துண்டை ஒடித்து, வெண்ணெய்கூடத் தடவாமல் மெல்லுவேன். மேலோட்டில் லேசான கசப்பு, உள்ளே பால்போல ஒரு புளிப்பு, கடைசியில் தொண்டையில் வறுத்த தானிய வாசம். இதை ஏன் இவ்வளவு விவரமாகச் சொல்கிறேன் என்றால், அந்த நாட்களில் வாயில் இருந்ததைச் சொற்களாக மாற்றி மாற்றி மனதில் எழுதி வைத்துக்கொண்டே இருந்தேன். இனி நாக்கில் படப்போவதில்லை, சொல்லாகவாவது மிஞ்சட்டும் என்ற தவிப்பு. அது பின்னால் இப்படிக் கைகொடுக்கும் என்று அப்போது தெரியாது.

ஒரு சோறு

ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பார்கள். சமையல்காரர்கள் நாள் முழுக்கச் செய்வது அதைத்தான். கிளூட்டன் இல்லாத உணவு என்று அச்சிட்டு விற்கும் எதிலும் கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் கிளூட்டன் இருக்கக் கூடாது என்பது கோடெக்ஸ் எனப்படும் சர்வதேச உணவுத் தரம். பல நாடுகளின் சட்டமும் அதுவே. 20 மில்லிகிராம் என்றால் கண்ணுக்கு எவ்வளவு என்று பார்க்க ஆசைப்பட்டேன். நூறு அரிசி மணிகளை எண்ணித் தராசில் வைத்தேன். இரண்டு கிராம் காட்டியது. அப்படியானால் ஒரு மணி ஏறக்குறைய 20 மில்லிகிராம். ஒரு கிலோ உணவில் ஒரே ஒரு அரிசி மணியின் எடை. அந்த ஒரு மணியை விரல் நுனியில் ஒட்டி வைத்துக்கொண்டு, எதிரே மாவு படிந்த என் சமையலறையை ஒருமுறை சுற்றிப் பார்த்தேன். அன்றுதான் எனக்கு வயிற்றைப் பிசைந்தது.

சமையல்காரர்களுக்கு இதில் முதலில் விளங்காதது, சூடு இங்கே உதவாது என்பது. கிருமியைக் கொதிக்க வைத்துக் கொல்லலாம். கிளூட்டன் உயிரில்லாத புரதம். அதைக் கொல்ல முடியாது, கழுவித்தான் போக்க வேண்டும். பிரெட் தூளில் புரட்டியதைப் பொரித்த எண்ணெயில் உருளைக்கிழங்கைப் பொரித்தால் அந்த உருளைக்கிழங்கு எனக்கு ஆகாது. கோதுமைப் பாஸ்தா வெந்த தண்ணீரில் அரிசிப் பாஸ்தாவை வேகவைத்தால் அதுவும் ஆகாது. கிருமிநாசினியைக் கையில் தேய்த்துக்கொண்டு வந்துவிட்டேன் என்றால் பயனில்லை. சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். வடிதட்டு, சல்லடை, மரப்பலகை, மரக்கரண்டி, பிரெட் சுடும் டோஸ்டர் எல்லாவற்றிலும் எனக்கென்று ஒரு தனி ஜோடி வந்தது. பழைய சல்லடையை எவ்வளவு கழுவினாலும் கண்ணிகளுக்குள் மாவு இருக்கும், அதைப் பங்கு போட்டுக்கொள்ளும் பேச்சுக்கே இடமில்லை. மாவு பிசையும் பகுதிப் பக்கம் போவதை நிறுத்தினேன். காற்றில் மிதக்கும் மாவுத் தூசு மூக்கு வழியாகத் தொண்டைக்கு இறங்கி வயிற்றுக்குத்தான் போகிறது.

ஒளிந்திருக்கும் இடங்களைப் பற்றி ஏற்கெனவே நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். சோயா சாஸ் பெரும்பாலும் சோயாவும் கோதுமையும் சேர்த்துப் புளிக்க வைத்தது. மால்ட் என்று பெயரில் இருந்தால் அது பெரும்பாலும் பார்லி. கூட்டுப் பெருங்காயத் தூளில் கோதுமை மாவு கலப்பது வழக்கம். ரவை கோதுமைதான், ஸ்பெல்ட்டும் கோதுமைதான். பக்வீட் மட்டும் பெயரில் கோதுமையைச் சுமந்துகொண்டு கோதுமைக்கு எந்தச் சொந்தமும் இல்லாமல் இருக்கிறது. ஓட்ஸ் பலருக்கு ஒத்துக்கொள்ளும், ஆனால் வயலிலும் ஆலையிலும் கோதுமையோடு கலந்துவிடுவதால் தனியாகப் பாதுகாத்து எடுத்ததாக இருக்க வேண்டும். அதுவும் ஒத்துக்கொள்ளாத சிலர் உண்டு. இந்தப் பட்டியலைப் பத்து நாளில் மனப்பாடம் செய்துவிடலாம். என்னை வாட்டியது பட்டியல் இல்லை, கரண்டி. என் சமையலறையில் நூற்றுக்கணக்கானவர்களுக்குச் சமைக்கிறோம். கோதுமை உள்ள பண்டங்களும் அதில் உண்டு. வாயில் வைத்துவிட்டு விழுங்காமல் துப்பிவிடலாமா என்று மருத்துவரிடம் கேட்டேன். எச்சிலோடு கொஞ்சமாவது உள்ளே போகும், வேண்டாம் என்றார். ஒரு சோற்றுப் பதம் பார்த்தே பிழைத்தவளுக்கு, அந்த ஒரு சோறு இல்லை என்று ஆகிவிட்டது.

பிசைய முடியாத மாவு

வீட்டில் நடந்த கதை வேறு. அங்கே என் இஷ்டப்படி எதையும் செய்துபார்க்கலாம் என்பதால் முதல் எட்டு மாதம் ரொட்டியோடு மல்லுக்கட்டினேன். அரிசி மாவு, மரவள்ளி மாவு, உருளைக்கிழங்கு மாவுச்சத்து, சிறுதானிய மாவுகள். முதல் ரொட்டி மேலே பாளம் பாளமாக வெடித்து, அடியில் களிபோல் கிடந்தது. கிளூட்டன் என்ற சொல்லுக்கு லத்தீனில் பசை என்று பொருள். மாவுக்குள் வலைபோல் பரவி, ஈஸ்ட் விடும் காற்றைப் பிடித்து வைத்துக்கொள்வது அந்தப் பசைதான். வலை இல்லாத மாவில் காற்று எழும்பி, நிற்க இடமில்லாமல் வெளியேறிவிடுகிறது. அந்த வேலையைக் கொஞ்சமாவது செய்யக்கூடியது இசப்கோல் உமி. அரை கிலோ மாவுக் கலவைக்கு 25 கிராம் உமி எடுத்து, முதலில் தண்ணீரில் கலக்கிப் பத்து நிமிடம் விட்டால் கெட்டியான கூழாக இறுகும். அந்தக் கூழில்தான் மாவைச் சேர்க்க வேண்டும். தண்ணீரும் ஏறக்குறைய மாவின் எடை அளவுக்கே பிடிக்கும். கோதுமை மாவில் பழகிய கை அதைப் பார்த்ததும் தண்ணீர் அதிகம் என்று பதறும். பதறக் கூடாது.

வெந்த பிறகு இரண்டு மணி நேரமாவது அறுக்கக் கூடாது என்பது இன்னொரு பாடம். சூட்டோடு அறுத்தால் கத்தியில் பசையாக இழுக்கும்; ஆறும்போதுதான் மாவுச்சத்து இறுகி உள்ளே நிலைக்கிறது. இதையெல்லாம் கற்றுக்கொண்ட பிறகு நல்ல ரொட்டி வந்தது. நல்லது என்றால் உண்மையாகவே நல்லது. விருந்துக்கு வந்தவர்கள் இரண்டாம் துண்டு கேட்டார்கள். ஆனால் கைக்கு வேலையில்லை. இந்த மாவைப் பிசைய முடியாது, குழைக்கத்தான் முடியும். உள்ளங்கையால் அழுத்தி, மடித்து, திருப்பி, மறுபடி அழுத்தும்போது மாவு மெல்ல மெல்ல எதிர்த்துத் தள்ளத் தொடங்கும் அந்தத் தருணம் இதில் வராது. ருசியைவிட அதை இழந்ததுதான் எனக்குப் பெரிய வலி. மேசை முன்னால் நின்று கையைப் பார்த்துக்கொண்டிருந்த நாட்கள் உண்டு.

மனம் மாறியது ரொட்டியால் இல்லை. ஒரு நாள் சோறு வடிக்கும்போது மறந்துபோய் அடிப்பிடித்துவிட்டது. சுரண்டி எடுத்த காந்தல் ஒரே தகடாகப் பொன்னிறத்தில் வந்தது. உப்புத் தூவிக் கடித்தேன். காதுக்குள் நொறுங்கியது. அந்தச் சருகோசை! அன்றிலிருந்து நான் என்றைக்கும் பித்துப் பிடித்துத் தின்ற எளிய பண்டங்களை ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்தேன். ஆறரை நிமிடம் கொதித்து, வெள்ளை இறுகி மஞ்சள் மட்டும் தேனாக நிற்கும் முட்டை. நறுக்கி உப்புப் போட்டு, தன் சாற்றிலேயே கால் மணி நேரம் ஊறிய தக்காளி. முக்கால் மணி நேரம் சிறு தீயில் கிளறிக் கிளறி, முதலில் கண்ணைக் கரித்து, பிறகு வியர்த்து, பிறகு சுருண்டு, கடைசியில் செம்பழுப்பாகத் தேன்பதத்தில் வாணலியோடு ஒட்டும் வெங்காயம். தீயைக் கூட்டாமல் பக்கத்தில் நின்றால் மட்டுமே வெங்காயம் அந்த இனிப்பைக் கொடுக்கும். தொழிலில் சேர்ந்த புதிதில் எனக்குப் பொறுமை கற்றுக்கொடுத்தது அதுதான். இவை எதிலும் கோதுமை இல்லை. எப்போதும் இருந்ததில்லை. மற்றவர்கள் கிளூட்டன் இல்லாத சாப்பாடு என்று பரிதாபமாகச் சொல்லும்போதெல்லாம் எனக்கு இந்த வெங்காய வாணலிதான் நினைவுக்கு வருகிறது.

சரியா?

இனி அந்தச் சாஸுக்கு வருகிறேன். நோய் தெரிந்த பிறகு எங்கள் சமையலறையில் சாஸ்களில் பாதிக்கு மேல் மைதா இல்லாமல் ஆக்கிவிட்டேன். சோள மாவைக் குளிர்ந்த நீரில் கரைத்துக் கடைசியில் ஊற்றினால் போதும், பளபளப்பாக வரும். நெடுநேரம் கொதித்தால் நீர்த்துவிடும், அதை மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும். ஆனால் வெண்ணெயில் மைதாவை வறுத்துச் செய்யும் பழுப்புச் சாஸை மாற்றவில்லை. அந்த வறுபட்ட ருசியே தனி. எனக்கு ஆகாது என்பதற்காக எல்லோருக்கும் அது இல்லாமல் போவது நியாயமாகப் படவில்லை. ஆகவே முகக்கவசம் அணிந்து, மாவு போடும் வேலையை இன்னொருவரிடம் விட்டு, மாவு வெண்ணெயில் நனைந்து தூசு அடங்கிய பிறகு நான் கரண்டியை வாங்கிக்கொள்வேன். நிறமும் வாசமும் எனக்கு அத்துப்படி. வறுபடும் மாவு முதலில் ஈர மண்போல் இருந்து, பிறகு பிஸ்கட்போல், பிறகு வறுத்த கொட்டைபோல் மணக்கும். கருக்கக் கருக்கக் கெட்டியாக்கும் சக்தி குறையும், அதற்கேற்ப மாவைக் கூட்ட வேண்டும். கண்ணை மூடிக்கொண்டு மூக்கை வைத்தே சொல்லிவிடுவேன். கடைசியில் ருசி பார்ப்பது மட்டும் என் உதவியாளரின் பொறுப்பு. இருபத்துமூன்று வயதுத் தம்பி. கையில் நல்ல பக்குவம், பேச்சில் சிக்கனம்.

அன்று கூட்டம் அதிகம். எலும்புச் சாற்றை ஊற்றிக் கொதி வந்த கொஞ்ச நேரத்திலேயே கரண்டியை அவனிடம் நீட்டி, "சரியா?" என்றேன். வாயில் வைத்துப் பார்த்தான். "சரிதான் அக்கா" என்றான். ஊற்றி அனுப்பினோம். மூன்று தட்டுகள் திரும்பின.

இரவு எல்லாம் அடங்கிய பிறகு அவனைக் கூப்பிட்டேன். ஏற்கெனவே சுத்தமாக இருந்த மேசையைத் துடைத்துக்கொண்டே நின்றான். சாஸில் என்ன இருந்தது என்று கேட்டேன். "பச்சை மாவு வாசம் கொஞ்சம் இருந்தது, அக்கா." அப்போதே ஏன் சொல்லவில்லை என்றேன். "நீங்கள் செய்தது. உங்களுக்குத் தெரியாததா எனக்குத் தெரிந்துவிடப் போகிறது என்று நினைத்தேன்." கொஞ்சம் பொறுத்து, துணியை மடித்துக்கொண்டே இன்னொன்றும் சொன்னான். "நீங்கள் சரியா என்றுதானே கேட்டீர்கள்?"

அவன் குறையாகச் சொல்லவில்லை. உண்மையைச் சொன்னான். எனக்கு அன்று தூக்கம் வரவில்லை. சரியா என்று மேலே இருப்பவர் கேட்டால், கீழே இருப்பவரிடம் இருக்கும் பதில் ஒன்றே ஒன்றுதான். அவன் நாக்கைக் கடன் கேட்டுவிட்டு, அந்த நாக்கு என்ன சொல்ல வேண்டும் என்பதையும் நானே சொல்லிக்கொடுத்திருக்கிறேன். தவறு அவனுடையதில்லை. வறுத்த மாவின் வாசம் சரியாக இருந்ததால் சாஸும் சரியாகத்தான் இருக்கும் என்று என் மூக்கு முடிவு செய்துவிட்டது. ஆனால் சாறு ஊற்றிய பிறகு இருபது, இருபத்தைந்து நிமிடம் மெல்லக் கொதித்தால்தான் மாவின் பச்சை வாடை அடங்கும். எலும்புச் சாற்றின் வாசத்துக்கு அடியில் அந்த வாடை மூக்குக்கு எட்டுவதில்லை, நாக்குக்குத்தான் எட்டும்.

சீலியாக் நோயின் வரலாற்றில் ஒரு கட்டம் அடிக்கடி நினைவுக்கு வருகிறது. 1924இல் சிட்னி ஹாஸ் என்ற அமெரிக்கக் குழந்தை மருத்துவர் இந்த நோய்க்கு வாழைப்பழப் பத்தியத்தை முன்வைத்தார். குழந்தைகள் தேறினார்கள். பெருமை வாழைப்பழத்துக்குப் போனது. அந்தப் பத்தியத்தில் ரொட்டி இல்லை என்பதுதான் காரணமா என்று யாரும் கேட்டுப் பார்க்கவில்லை. நெதர்லாந்தில் வில்லெம் கரெல் டிக்கே என்ற குழந்தை மருத்துவர் கோதுமையின் மேல் ஏற்கெனவே சந்தேகம் கொண்டிருந்தார். 1944-45 குளிர்காலத்தில் அங்கே கொடும் பஞ்சம். ரொட்டி கிடைக்காமல் ஜனங்கள் டியூலிப் கிழங்கைத் தின்றார்கள். ஊரே இளைத்த அந்தக் காலத்தில் சீலியாக் குழந்தைகள் மோசமாகவில்லை, தேறினார்கள். மறுபடி ரொட்டி வந்ததும் நோய் திரும்பியது. 1950இல் டிக்கே தம் ஆய்வேட்டில் கோதுமையைக் கைகாட்டினார். இருபத்தைந்து வருடம் எல்லோரும் சரியாகிவிட்டதா என்று கேட்டுக்கொண்டிருந்தபோது, அவர் எதனால் சரியாகிறது என்று கேட்டார். என் அடுப்பங்கரைக்கு இது ரொம்பப் பெரிய உதாரணம்தான். ஆனால் அந்த இரவில் எனக்கு வேண்டியிருந்தது அதுவே.

நாக்குக்குச் சொல் கொடுப்பது

மறுநாள் காலை மூன்று கோப்பைகளில் வெதுவெதுப்பான தண்ணீர் எடுத்தேன். லிட்டருக்கு 6, 8, 10 கிராம் என்ற கணக்கில் உப்பு. எது எது என்று சொல்லாமல் இருவரும் குடித்துப் பார்த்து வரிசைப்படுத்தினோம். பிறகு ஒரே சூப்பைக் கொதிக்கக் கொதிக்க ஒரு வாய், ஆறிய பின் ஒரு வாய். இந்தப் பயிற்சிகளில் கோதுமை இல்லாதவற்றை மட்டுமே எடுத்துக்கொண்டேன். அதுதான் முக்கியம். நான் சுவைக்கக்கூடியதை அவனும் சுவைக்க வேண்டும். இருவர் வாயிலும் ஒரே பண்டம் இருக்கும்போது அவன் என்ன சொல் சொல்கிறான் என்று நான் கேட்க வேண்டும். அப்போதுதான், நான் சுவைக்க முடியாத பண்டத்தில் அவன் அதே சொல்லைச் சொல்லும்போது என் நாக்கில் அது ஒலிக்கும்.

சொற்கள் இருக்கின்றன என்றுதான் நினைத்திருந்தேன். அறுசுவை என்று பெயர் சொல்லி வளர்ந்திருக்கிறோமே. உட்கார்ந்து பேசத் தொடங்கியபோது போதவில்லை. உப்பு கரிக்கிறது, சப்பென்று இருக்கிறது, எண்ணெய் காறுகிறது, காரம் தொண்டையைப் பிடிக்கிறது என்பவை எல்லாம் கோளாறு வந்த பிறகு சொல்பவை. கோளாறு வருவதற்கு ஒரு அடி முன்னால் நிற்கும்போது சொல்வதற்கு எங்களிடம் எதுவும் இல்லை. ஒவ்வொன்றாக உண்டாக்கினோம். உப்பு முன்னால் வருகிறதா, விழுங்கிய பிறகு பின்னால் வருகிறதா. புளிப்பு நாக்கின் ஓரத்தில் கூசுகிறதா, வாய் முழுக்கப் பரவுகிறதா. கொழுப்பு வழுக்கிக்கொண்டு போகிறதா, படிந்து நிற்கிறதா. மாவுச் சாஸுக்கு ஒரு தனிக் கேள்வி: நாக்கை மேல் அண்ணத்தில் வைத்துத் தேய்த்துப் பார், சுண்ணாம்புபோல் ஏதாவது படுகிறதா? பட்டால் பச்சை. பட்டுபோல் நழுவினால் வெந்துவிட்டது. அவனிடம் ஒரு சின்ன நோட்டு இருக்கிறது. அதில் இந்தச் சொற்கள் மட்டும்தான்.

என் குருநாதர்கள் யாரும் எனக்கு இப்படிச் சொல்லிக்கொடுக்கவில்லை. கரண்டியை வாயில் வைப்பார்கள், ஒரு சிட்டிகை போடுவார்கள், போய்விடுவார்கள். பக்கத்தில் நின்று பார்த்துப் பார்த்துப் பிடித்துக்கொள்ள வேண்டும். நானும் இருபது வருடம் அப்படியே செய்தேன். வாயில் வைக்க முடிந்தவரை, எனக்கு என்ன தெரியும் என்பதே எனக்குத் தெரியாமல் இருந்தது. அந்த மூன்று வாரம் ரொட்டியைச் சொல்லாக மாற்றிக்கொண்டிருந்த பழக்கம்தான் இப்போது கைகொடுத்தது. ஒரு நாள் அவன் புதிதாக வந்த ரொட்டியைக் கடித்துவிட்டு, "மேலோடு கொஞ்சம் கசக்கிறது, உள்ளே பால் புளித்ததுபோல் இருக்கிறது, அக்கா" என்றான். நான் அவனுக்கு அதைச் சொல்லியிருக்கவே இல்லை. வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன்.

இரவல் நாக்கு என் நாக்கின் நகல் இல்லை என்பதும் போகப் போகப் புரிந்தது. கசப்பு எல்லோருக்கும் ஒரே அளவில் தெரிவதில்லை. அது பிறவியிலேயே ஆளுக்கு ஆள் மாறும். எனக்கு இதமாக இருக்கும் கீரைக் கசப்பு அவனுக்கு முகத்தைச் சுளிக்க வைக்கும். அதனால் அவன் கசக்கிறது என்றால் நான் ஒரு பங்கு குறைத்து எடுத்துக்கொள்வேன். எனக்குக் கசந்தால் அவனிடம் கேட்காமலேயே சரிசெய்துவிடுவேன். அவனும் என்னைப் பற்றி ஒன்று கண்டுபிடித்தான். ராத்திரி நான் செய்யும் சூப்பில் காலையில் செய்வதைவிட உப்பு கூடுதல் என்றான். முதலில் ஒப்புக்கொள்ளவில்லை. ஒரு வாரம் உப்பை எடைபோட்டுச் சேர்த்தோம். அவன் சொன்னதுதான் உண்மை. நாளெல்லாம் ருசிபார்த்து அலுத்த என் நாக்கு மாலையில் மந்தமாகிவிடுகிறது, அதை ஈடுகட்ட உப்பு ஏறுகிறது. இருபத்திரண்டு வருடத்தில் இதை யாரும் என்னிடம் சொன்னதில்லை. சொல்லும்படி நான் யாரையும் கேட்டதும் இல்லை.

ஆகவே, செய்தவளே வாயில் வைக்க முடியாததைப் பரிமாறலாமா என்று கேட்பவர்களுக்கு என் பதில், பரிமாறலாம். இல்லை என்று சொல்லத் தயங்காத ஒரு நாக்கு பக்கத்தில் இருக்க வேண்டும், அது இல்லை என்றதும் கரண்டியைக் கீழே வைக்கும் மனசு நமக்கு இருக்க வேண்டும். முன்பு நான் தனியாக ருசிபார்த்து அனுப்பிய சாப்பாட்டைவிட இப்போது போகும் சாப்பாடு மேல் என்று என்னால் துணிந்து சொல்ல முடியும். என் குடலும் தேறி வருகிறது. பெரியவர்களுக்கு அது முழுதாக ஆற ஒன்றிரண்டு வருடம்கூடப் பிடிக்கலாம் என்றார்கள். போன மாதப் பரிசோதனையில் இரும்புச்சத்து முதன்முறையாக ஏறியிருந்தது.

போன சனிக்கிழமை ராத்திரி மறுபடி அதே பழுப்புச் சாஸ், அதே கூட்டம். ஆறு தட்டுகள் சாஸுக்காகக் காத்து நின்றன. பார்க்க அழகாக இருந்தது. கரண்டியின் முதுகில் படிந்து, விரலால் கோடு இழுத்தால் கோடு அப்படியே நின்றது. பாத்திரத்தின் கைப்பிடியில் என் கை போய்விட்டது. அவன் ஒரு கரண்டி எடுத்து ஊதி, வாயில் வைத்து, நாக்கை அண்ணத்தில் மெதுவாகத் தேய்த்தான். "இன்னும் பத்து நிமிடம், அக்கா" என்றான். வெளியே தட்டுகள் காத்திருப்பதைச் சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை. கையை எடுத்துக்கொண்டேன். அவன் தீயைக் குறைத்து, கரண்டியை அடிவரைக்கும் விட்டுக் கிளறினான்.